முப்பத்தொரு கீற்றுகள்

மார்ச் 4, செவ்வாய்

நேற்று ஒரு சின்னத் தவறு செய்தேன். பசை காய்வதற்குள் ஓவியப் புத்தகத்தை மூடிவிட்டேன். இருபத்திரண்டாம் பக்கமும் அதற்கு எதிரே இருந்த இருபத்து மூன்றாம் பக்கமும் ஒட்டிக்கொண்டன.

தவறுகளை எழுதி வைக்க வேண்டும் என்பது மாலை வகுப்பு டீச்சரின் விதி. ஓவியப் புத்தகம் ஒன்று, அதற்குத் துணையாக இந்தக் குறிப்பேடு ஒன்று. என்ன பொருள், என்ன செய்தாய், எங்கே பிசகியது. வகுப்பில் இருக்கும் பதினொரு பேரில் இதை ஒழுங்காக எழுதுபவள் நான் ஒருத்திதான். படம் வரவில்லை என்பதால்தான் எழுத்தில் இவ்வளவு உழைக்கிறேனோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

பிசகியதற்குக் காரணம் ஏழே முக்கால் பேருந்து. அதைவிடப் பெரிய காரணம் சந்தோஷம். டீச்சர் என் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். ஐந்து மாதத்தில் இதுதான் முதல் முறை.

இதற்கு முன் நான் செய்தவை எல்லாம் அடக்கமான சோதனைகள். ஈர நீலத்தின்மேல் உப்புத் தூவியது ஒன்பதாம் பக்கம். மெழுகுவத்தியால் கோடு கிழித்து மேலே மை ஊற்றியது பன்னிரண்டு. பதினைந்தாம் பக்கத்தை அண்ணியின் தையல் மெஷினில் கொடுத்து, நூல் கோக்காமல் ஓட்டி, வெறும் ஊசித் துளைகளால் ஒரு ஜன்னல் வரைந்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் ஜன்னல் தெரியும். அண்ணி பார்த்துவிட்டு, "ஜெராக்ஸு, பரவால்லையே, கொசு வலைக்கு ஆச்சு" என்றார்.

ஜெராக்ஸ் என்பது அண்ணன் எனக்கு வைத்த பெயர். நான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். அண்ணன் காணாமல் போய் இரண்டு வருடமாகிறது, பெயர் மட்டும் வீட்டில் இருக்கிறது.

நேற்றைய பயிற்சியை டீச்சர் இப்படிச் சொல்லியிருந்தார்: "வீட்ல யாருமே பாக்காத ஒரு காகிதம் கொண்டு வாங்க. கையால எழுதினதா இருக்கணும். அதைப் படிக்க முடியாம ஆக்குங்க. எழுத்து போயி கோடு மட்டும் நிக்கணும். பயப்படாம விளையாடுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ நகல் எடுத்துட்டு வந்து நிக்காதே. நாள் பூரா அதானே பண்ற. நிஜத்தைக் கொண்டா" என்றார்.

வீட்டில் யாருமே பார்க்காத காகிதம் எது என்று இரண்டு நாள் யோசித்தேன். வாசலை ஒட்டிய மெயின் சுவிட்ச் பெட்டிக் கதவின் உட்புறம் அண்ணன் எழுதி ஒட்டிய அட்டவணை ஞாபகம் வந்தது. அண்ணன் எலக்ட்ரீஷியன். எந்த சுவிட்ச் எதற்கு என்று ஒன்றிலிருந்து ஒன்பது வரை எழுதியிருந்தான். எண்கள் பால்பாயிண்டில், விவரம் நீல ஸ்கெட்ச் பேனாவில். "3 சமையலறை. 4 அம்மா ரூம், ஃபேன் சத்தம் போட்டால் என்னைத் திட்ட வேண்டாம். 5 ஜெராக்ஸ் மேடம் மேஜை விளக்கு, ரொம்ப நேரம் எரிந்தால் இங்கே வந்து அணைக்கவும். 7 எதற்கு என்று தெரியவில்லை." மற்றவை எனக்குச் சரியாக நினைவில்லை.

செய்முறை: தாளின் அகலம் பதினைந்தரை சென்டிமீட்டர். அரை சென்டிமீட்டருக்கு ஒரு கீற்றாக மேலிருந்து கீழே வெட்டினேன். முப்பத்தொரு கீற்றுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் வரிசை எண் போட்டேன். எனக்கு விளையாடக்கூட அளவுகோல் வேண்டும். ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி, வெள்ளைப் பசையால் ஒட்டி, மேலே நீர்த்த வெள்ளைப் பெயிண்ட் பூசி, காயும் முன் பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டினேன். வெள்ளைக்கு அடியிலிருந்து நீலம் மழை மாதிரி சாய்ந்து வந்தது.

பக்கத்து மேஜை பல் டாக்டர் எட்டிப் பார்த்து, "அழகா இருக்கும்மா. ஆனா எல்லாப் பல்லும் கோணல். கிளிப் போடணும்" என்றார்.

ஒட்டிய பக்கங்களைப் பிரிக்க வழி கேட்க வேண்டும். அடுத்த வகுப்பு வியாழன்.

மார்ச் 7, வெள்ளி

நேற்று வகுப்புக்குப் போகவில்லை. மாலையில் அண்ணிக்கு போன் வந்தது. காணாமல் போனவர்கள் பிரிவிலிருந்து. இன்று அம்மா, அண்ணி, நான் மூவரும் போனோம்.

பிரிவு அதிகாரி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேஜையெங்கும் தேடிக்கொண்டிருந்தார். அண்ணி சொன்ன பிறகு இறக்கிக்கொண்டார். அவர் சொன்னது இது. ஒன்றரை வருடத்துக்கு முன் வேறு ஊரில், ஒரு கட்டட வேலையிடத்தில், மின்சாரம் தாக்கி ஒருவர் இறந்திருக்கிறார். அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்தவர், பெயர்கூட யாருக்கும் தெரியாது. கேட்டு ஆள் வராததால் எரித்துவிட்டார்கள். சோதனைக்கென்று எதுவும் எடுத்து வைக்கவில்லை. முகம் தெரிகிற படமும் இல்லை. சட்டைப்பையில் இருந்த கையகல நோட்டு ஒன்றுதான் மிச்சம். வயதும் உயரமும் அண்ணனோடு ஒத்துப்போகின்றன.

நோட்டின் ஒரு பக்கத்தை நகலெடுத்து வைத்திருந்தார். ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடியைத் துடைக்காமல் எடுத்த நகல். ஓரத்தில் கறுப்புப் பட்டை. எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

"அவர்தான்" என்றார் அண்ணி. பார்த்த அடுத்த நொடி.

"இல்ல" என்றாள் அம்மா. "என் புள்ள எழுத்து குண்டு குண்டா இருக்கும். இவன் யாரோ ஒல்லியா நீட்டி வெச்சிருக்கான்."

"அத்தை, அவர் எழுதி நீங்க எப்பப் பாத்தீங்க?"

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

"கட்டினவளுக்கும் தெரியும்."

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

அண்ணனின் எழுத்தை உலகத்திலேயே கடைசியாக, மிக அருகிலிருந்து, அரை அரை சென்டிமீட்டராகப் பார்த்தவள் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. திங்கட்கிழமை நான் எழுத்தைப் பார்க்கவே இல்லை. கோட்டைத்தான் பார்த்தேன்.

"தெரியல சார்" என்றேன்.

"அவர் எழுதினது ஏதாவது இருந்தா கொண்டாங்க. ஒரு பக்கம் இருந்தாப் போதும். கையொப்பம் மட்டும் ஆகாது. புதன்கிழமை நிபுணர் வர்றார், ஒப்பிட்டுப் பாத்து ஆமாவா இல்லையான்னு சொல்லிடுவார். அன்னிக்கு விட்டா இந்தக் கோப்பு கிடங்குக்குப் போயிடும். அப்புறம் யாரும் எடுக்க மாட்டாங்க."

"வீட்ல இருக்கு சார்" என்றார் அண்ணி. "மெயின் பெட்டிக் கதவுல அவர் கைப்பட எழுதி ஒட்டியிருக்கார்."

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேறு ஏதாவது இருக்கும் என்று மனசுக்குள் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளி நோட்டுகள் பழைய பேப்பருக்குப் போய்விட்டன. அண்ணன் அனுப்பிய செய்திகள் எல்லாம் குரல் பதிவுகள். அவனுடைய விண்ணப்பங்கள் அத்தனையையும் நிரப்பியவள் நான். "உன் எழுத்துதான் அச்சு மாதிரி இருக்கு, நீயே எழுது ஜெராக்ஸு" என்று கையொப்பம் மட்டும் போடுவான்.

பேருந்தில் அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாதாரணமாகத்தான் பேசினார். "ஆமான்னு சொன்னா ஒரு மாசம் அழுவேன். அப்புறம் எந்திரிச்சிடுவேன். இல்லைன்னு சொன்னா அந்த ஆளத் திட்டிக்கிட்டே காத்திருப்பேன். ரெண்டுல எதுன்னாலும் சரி. எனக்கு எதுன்னு தெரியணும். முப்பத்திரெண்டு வயசாகுது."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் மெயின் பெட்டியைத் திறந்தார். கதவில் நான்கு மூலைக்கு நான்கு டேப் தடம் இருந்தது.

"விழுந்திருக்குமோ?" என்று தரையில் குனிந்தார். மெஷினுக்கு அடியில் பார்த்தார். துணி மூட்டையை நகர்த்தினார். அப்போதுதான் சொன்னேன். புத்தகத்தையும் கொண்டுவந்து காட்டினேன். ஒட்டியிருந்த பக்கங்களை வெளியிலிருந்துதான் காட்ட முடிந்தது.

அண்ணி கத்துவார் என்று காத்திருந்தேன். ரொம்ப நேரம் அந்தப் புத்தகத்தின் விளிம்பையே பார்த்தார்.

"யாரும் பாக்காத காகிதம்னு உனக்கு யார் சொன்னா?"

"யாரும் பாத்து நான் பாக்கல அண்ணி."

"தெனமும் சாயந்தரம் மெஷின நிறுத்திட்டு வந்து இதத் தொறப்பேன். அஞ்சாம் நம்பரப் படிச்சா சிரிப்பு வரும். நாலு நாளா தைக்கிற வேலை அதிகம், வரல."

நான் கடையில் வருகிற எல்லோரிடமும் சொல்வேன்: எதுக்கும் ஒண்ணு எக்ஸ்ட்ரா எடுத்து வெச்சுக்குங்க. ஒரு நாளைக்கு நூறு முறையாவது சொல்வேன்.

மார்ச் 8, சனி

இன்று கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டு ஆவியில் பிரித்துப் பார்த்தேன். பொருள்: கெட்டில், சாப்பாட்டுத் தட்டு, அகலமான கத்தி, பழைய துணி.

முதலில் ஓரத்தில் சோதனை. இதை நான் சரியாகத்தான் செய்தேன் என்று நினைத்தேன். பக்கத்தின் இடது ஓரத்தில், இரண்டாம் கீற்றின்மேல் மட்டும் ஆவி காட்டினேன். பசை இளகியது. பக்கம் கொஞ்சம் விலகியது. அடியில் மை அப்படியே இருந்தது, ஒரு புள்ளிகூடக் கலையவில்லை. ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்தேன். பிறகுதான் முழுப் பக்கத்துக்கும் காட்டினேன்.

முதல் இரண்டு கீற்றுகளில் இருந்தவை எண்கள். எண்கள் பால்பாயிண்ட். மற்ற இருபத்தொன்பது கீற்றுகளிலும் ஸ்கெட்ச் பேனா. செவ்வாய்க்கிழமை என் கையாலேயே இதே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், எண்கள் பால்பாயிண்டில், விவரம் நீல ஸ்கெட்ச் பேனாவில் என்று. வேலையைத் தொடங்கும் முன் அதை ஒருமுறை புரட்டிப் பார்க்கவில்லை.

பக்கங்கள் பிரிந்தன. தட்டில் நீலத் தண்ணீர் நின்றது.

அண்ணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "வருதா?" என்றார்.

"கொஞ்சம்" என்றேன். பொய்.

மார்ச் 10, திங்கள்

பக்கத்தை அட்டையில் வைத்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். பல் டாக்டர் தன் பையிலிருந்து கொக்கி ஊசிகளையும் நெற்றியில் மாட்டுகிற பூதக்கண்ணாடியையும் எடுத்தார். மருத்துவமனையிலிருந்து நேராக வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் தன் படத்தைத் தொடவே இல்லை. இரண்டு மணி நேரம் என் மேஜையிலேயே உட்கார்ந்து வெள்ளைப் பெயிண்டைத் துகள் துகளாகச் சுரண்டினார்.

"பல்லா இருந்தா பிடுங்கிட்டு வேற கட்டிடலாம்மா" என்றார் நடுவில். சிரிக்கச் சொன்னதுதான். யாரும் சிரிக்காததால் அவரே "மன்னிச்சுக்க" என்றார்.

கீற்றுகளைப் பக்கத்திலிருந்து பெயர்த்து, பின்னாலிருந்த வரிசை எண் பார்த்து அடுக்கினேன். அந்த விஷயத்தில் மட்டும் நான் செய்தது உருப்படி. முப்பத்தொன்றும் கிடைத்தன, முப்பத்தொன்றும் தத்தம் இடத்தில் உட்கார்ந்தன. முதல் இரண்டு கீற்றுகள் சேர்ந்ததும் 1, 2, 3 என்று ஒன்பது வரை எண்கள் தெளிவாக எழுந்து வந்தன. அதற்கு வலப்பக்கம் வெளிர் நீலம். ஒன்பது வரிக்கும் ஒரே நீலம். அங்கங்கே ஒரு வளைவு, ஒரு கொம்பு, ஒரு புள்ளி.

டீச்சர் வந்து நின்றார். "நான்தான் நிஜத்தைக் கொண்டான்னு சொன்னேன்" என்றார்.

"நீங்க யாருமே பாக்காத காகிதம்னுதான் சொன்னீங்க டீச்சர். நான்தான் யாரையும் கேக்கல."

அவர் கிளம்பும்போது கீற்றுகளை ஒட்ட நல்ல பசை ஒன்று கொடுத்தார். காய ஒரு இரவு ஆகும், அதுவரை மூடாதே என்றார்.

மார்ச் 12, புதன்

அலுவலகத்துக்கு மூவரும் போனோம். அட்டையை மடியில் வைத்து, பேருந்து குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

நிபுணர் அண்ணன் வயதுதான் இருப்பார். வெளிச்சத்தில் பிடித்தார், லென்ஸ் வைத்தார், சாய்த்துப் பார்த்தார். அவமதிக்கவில்லை. பத்து நிமிடம் உண்மையாகவே பார்த்தார்.

"எண்கள் இருக்கு. அந்த நோட்டுலயும் எண்கள் இருக்கு" என்றார். அண்ணி நாற்காலியில் முன்னால் வந்தார். "ஆனா எண்ண வெச்சு மட்டும் என்னால எழுதித் தர முடியாதும்மா. ஒண்ணு ரெண்டு எல்லாரும் ஒரே மாதிரிதான் போடறாங்க. எனக்கு எழுத்து வேணும். ஒரு வரி முழுசா வேணும்."

"ஒத்துப்போற மாதிரியாவது இருக்கா? உங்களுக்கா என்ன தோணுது?" என்றார் அண்ணி.

"தோணுறத நான் சொல்லக் கூடாதும்மா."

"போன்ல ஃபோட்டோ ஏதாவது?" என்று அதிகாரி என்னைக் கேட்டார். வகுப்பில் எடுத்த படத்தைக் காட்டினேன். கீற்றெல்லாம் மாறி, தலைகீழாக, வெள்ளைக்கு அடியில் நீல மழை. வெட்டும் முன் எடுத்த படம் இல்லை. அதிகாரி பார்த்துவிட்டு, "நல்லா வரைஞ்சிருக்கீங்க" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

கோப்பின் மேல் ஒரு வரி எழுதினார்: ஒப்பிட இயலாது. அண்ணி படிக்கக் கேட்டு, படித்துவிட்டு, திருப்பிக் கொடுத்தார். கோப்பைக் கட்டி, சுவரோரம் இருந்த அடுக்கின் மேல் வைத்தார்கள்.

வெளியே படியில் இறங்கும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வயதில் தெருவைக் கடக்கப் பிடித்ததற்கு அப்புறம் இப்போதுதான் பிடிக்கிறாள். அண்ணி முன்னால் போய்விட்டார்.

"நல்லதாப் போச்சுடி" என்றாள் மெதுவாக. "இனிமே எவனும் வந்து என் புள்ள செத்துட்டான்னு சொல்ல முடியாதுல்ல."

நான் கையை உருவிக்கொள்ளவில்லை. உருவியிருக்க வேண்டுமோ என்று இப்போது யோசிக்கிறேன். ஒரு நிமிடம், முழுதாக ஒரு நிமிடம், எனக்கும் நிம்மதியாக இருந்தது. அதையும் தவறுகளில் சேர்த்து எழுதுகிறேன்.

வீட்டில் அண்ணி உட்கார்ந்து தைத்தார். பள்ளிச் சீருடை, ஒரே அளவில் நாற்பது. நான் அட்டையை என்ன செய்வதென்று கேட்டேன். "உன் புத்தகத்துலயே வெச்சுக்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அதை வேறு எங்கே வைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆறு மணிக்குப் படக்கென்று மெஷின் நின்றது. முன்னறை விளக்கும் போனது. அம்மா உள்ளேயிருந்து, "என்னாச்சு?" என்றாள். அண்ணி எழுந்து போய் மெயின் பெட்டியைத் திறந்தார். விரல் பழக்கத்தில் கதவுப் பக்கம் போனது. வெறும் தகரம். சுவிட்சுகளில் ஒன்று கீழே விழுந்திருக்கும், தேடித் தூக்கிவிட்டால் போதும். ஆனால் மங்கலில் எது விழுந்தது என்று தெரியவில்லை. ஒன்றைத் தட்டினார், அம்மாவின் ஃபேன் நின்றது. இன்னொன்றைத் தட்டினார், சமையலறை இருண்டது.

"ஏண்டி, இங்கயும் போயிடுச்சு!" என்றாள் அம்மா.

"எது எதுக்குன்னே தெரியல அத்தை" என்றார் அண்ணி. அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அலுவலகத்தில் உடையவில்லை, பேருந்தில் உடையவில்லை. பெட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, நெற்றியை அந்தத் தகரத்தில் வைத்து நின்றார். நான் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். தோளைத் தொடலாமா என்று தெரியவில்லை, தொடவில்லை. வெளிச்சம் ஆடாமல் பார்த்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏழு எதுக்குன்னு கண்டுபிடிச்சாராமா கடைசில?" என்றார்.

"இல்ல அண்ணி. தெரியலன்னுதான் எழுதியிருந்தான்."

"ஆமா. அப்படித்தான் எழுதியிருந்தார்."

எல்லாவற்றையும் அணைத்து, எல்லாவற்றையும் போட்டோம். விளக்குகள் வந்தன. அண்ணி மெஷினுக்குத் திரும்பிப் போனார்.

பொருள்: இல்லை. செய்தது: இல்லை. பிசகியது: மேலே எழுதியிருக்கிறேன்.

நாளை வியாழன். கடைக்குப் போவதற்கு முன் ஒன்பது சுவிட்சையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டும். அண்ணி அறை அறையாகப் போய் எது நின்றது என்று குரல் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அட்டவணையை முழுவதும் பால்பாயிண்டில் எழுத வேண்டும். ஒரு நகல் எடுத்துவிட்டு, பெட்டிக் கதவில் ஒட்ட வேண்டும்.